பணக்காரக் கல்லும் ஏழைக் கல்லும்

பெங்களூரில் ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. குளிர் அறையிலிருந்து எடுத்து வந்த அட்டைப் பெட்டியின் மேல் ‘இம்யூனோ அஸே’ என்று அச்சடித்திருந்தது. தைராய்டு பார்க்கிற கிட். கூட வேலை செய்த பெண்கள் அந்தச் சொல்லைக் கல்லூரிப் பாடத்தில் படித்தவர்கள். எனக்கு அது வீட்டுச் சொல். “அப்பா எங்கே பாப்பா?” என்று யார் வாசலில் வந்து கேட்டாலும் “அஸே ஆபீஸ் போயிருக்காரு” என்று சொல்லி வளர்ந்தவள் நான். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம், ஒரு லைன் வீட்டில்.

அஸே என்றால் என்னவென்று அதுவரை நான் கேட்டதே இல்லை. அப்பா வேலை பார்த்த கட்டடத்தின் பெயர், அவ்வளவுதான். அன்று ராத்திரி மாரிக்குப்பம் ரயிலில் வீடு திரும்பி, சாப்பிடும்போது கேட்டேன். “சோதிச்சுப் பாக்கறதும்மா. கல்லுல எவ்ளோ தங்கம் கீதுன்னு சோதிச்சுப் பாக்கறது” என்றார். ரத்தத்தில் எவ்வளவு ஹார்மோன் இருக்கிறது என்று பார்ப்பதற்கும் அதே பெயர்தான் என்று சொன்னதும், பிசைந்த சோறு கையில் இருக்க நிமிர்ந்து பார்த்தார்.

‘முயன்று பார்’ என்கிற பொருளில் வழங்கிய ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. பொன்னைச் சோதிப்பவர்கள் பல நூறு ஆண்டுகள் புழங்கிய பிறகு மருத்துவம் அதை வாங்கிக்கொண்டது. 1950-களின் கடைசியில் நியூயார்க்கில் ரோஸலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்க ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் ரேடியோ இம்யூனோ அஸே. 1977-ல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பெர்சன் உயிரோடு இல்லை.

இன்று எங்கள் கூடத்தில் பாதிக்கு மேல் இயந்திரங்களே வேலை செய்கின்றன. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அலிக்வாட், கேரி ஓவர், பிளாங்க், வாக் அவே, டீச்சிங் பாயிண்ட் என்று சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வதைப் பார்க்கிறேன். பரீட்சைக்கு அது போதும். ராத்திரி இரண்டு மணிக்கு இயந்திரம் சிவப்பு விளக்குப் போட்டு நிற்கும்போது போதாது. அந்தச் சொல் இயந்திரத்துக்கு வருமுன் யாருடைய கை அந்த வேலையைச் செய்தது என்று தெரிந்தால்தான் புரியும். எனக்குத் தெரிந்த கை அப்பாவுடையது. அதனால் அவர்களுக்குத் தங்கவயல் கதையைச் சொல்கிறேன்.

1802-ல் ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இந்தப் பக்கத்தில் ஊர்மக்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1873-ல் மைக்கேல் லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் தோண்ட அனுமதி கேட்டார். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பிறகு மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடியபோது சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிருந்தது. வெளியே வந்த தங்கம் ஏறக்குறைய 800 டன். இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி தினமும் இருந்தது. இன்றைக்கு உடைத்த கல்லில் தங்கம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு? ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லுக்கு ஒரு அவுன்ஸுக்கும் மேல் கிடைத்தது. கடைசிக் காலத்தில் சில கிராம்தான். அது கண்ணுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் தோண்டுவது, எந்த முகப்பை விடுவது என்பதை அஸே ஆபீஸிலிருந்து போகும் எண்கள்தான் சொல்லும்.

சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் ஓரிரு முறை அந்த வேலையை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பிறகு அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு முழுதாகத் தெரிந்துகொண்டேன். மாவாக அரைத்த கல்லை நிறுத்து எடுத்து, ஈய ஆக்ஸைடான லித்தார்ஜ், சோடா, வெண்காரம் இவற்றோடு ஒரு கரண்டி சாதாரண கோதுமை மாவையும் சேர்த்து மண் மூசையில் போடுவார்கள். கோதுமை மாவு எதற்கு என்றுதான் நான் முதலில் கேட்டேன். உலைச் சூட்டில் மாவு கருகும்போது லித்தார்ஜில் ஒரு பகுதி மறுபடி ஈயமாகிவிடும். அந்த ஈயம் நுண்ணிய துளிகளாக மழைபோல் உருகிய கல்லுக்குள் இறங்கும். இறங்கும் வழியில் இருக்கிற தங்கத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு அடியில் சேரும். மூசையை எடுத்துக் கூம்பு வடிவ இரும்பு அச்சில் ஊற்றி ஆறவைத்து, மேலே கண்ணாடிபோல் நிற்கும் கசடைச் சுத்தியலால் தட்டிவிட்டால் அடியில் ஈயக் குமிழ். அதற்குப் ‘பட்டன்’ என்று பெயர்.

அந்தப் பட்டனை எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி உலைக்குள் விடுவார்கள். கிண்ணத்தின் பெயர் கூப்பல். ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்ஸைடாகி, தண்ணீரை மணல் குடிப்பதுபோல் கிண்ணத்துக்குள் போய்விடும். தங்கமும் வெள்ளியும் போகாது. கடைசித் துளி ஈயம் போகிற நேரம் அந்த மணியின் மேல் வானவில் நிறங்கள் ஓடும். பிறகு மங்கும். பிறகு ஒரு நொடி, சட்டென்று பளிச்சிடும். அப்பா இதைச் சொல்லும்போது கை விரல்களைக் குவித்து விரிப்பார். அந்தப் பளிச்சைப் பார்க்காமல் கிண்ணத்தை வெளியே எடுக்கக் கூடாது. நடுவில் உலைச் சூடு குறைந்தால் ஈயம் அப்படியே உறைந்துபோகும், கணக்குக் கெடும். அதனால் உலையை விட்டு நகர முடியாது.

எங்கள் இயந்திரங்களை விற்கிறவர்கள் ‘வாக் அவே’ என்று சொல்வார்கள். மாதிரியை வைத்துவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போகலாம் என்று பொருள். அந்தச் சொல்லின் எடை எவ்வளவு என்று எனக்கு அப்பாவின் நெற்றி வியர்வையை வைத்துத்தான் தெரியும்.

மணியில் வெள்ளி கலந்திருக்கும். அதைத் தட்டையாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரைந்துவிடும், தங்கம் நிற்கும். ஆனால் தங்கம் கால் பங்குக்கு மேல் போனால் அமிலத்துக்கு உள்ளே போக வழி கிடைக்காது. அதனால் தேவைப்பட்டால் முன்கூட்டியே வெள்ளி சேர்ப்பார்கள், தங்கத்தைப் போல மூன்று மடங்கு. கழுவி எடுத்த தங்கம் கறுத்த பழுப்பாக, பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். சூடு காட்டினால் மஞ்சள் வரும். அதைக் கண்ணாடிப் பெட்டித் தராசில் நிறுக்கவேண்டும். மூச்சை வேறு பக்கம் விடவேண்டும்.

நிறுப்பதில் ஒரு பழைய தந்திரம் உண்டு. அஸே டன் என்று ஓர் எடை, பிரிட்டிஷ் டன் கணக்கில் 32.667 கிராம். அந்த அளவு கல்மாவை எடுத்துச் சோதித்தால், கிடைக்கிற தங்கம் எத்தனை மில்லிகிராமோ அத்தனை அவுன்ஸ் ஒரு டன் கல்லில் இருக்கிறது என்று பொருள். பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். அவுன்ஸில் இருபதில் ஒரு பங்கு பென்னிவெயிட். கிராம் கணக்கு வந்த பிறகும் பழைய ஆட்கள் வாயில் பென்னிவெயிட்தான். கணக்கைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டால் ஆள் தவறு செய்ய இடமில்லை. கணினி வருமுன்பே மனிதர் இப்படி யோசித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இனி கேரி ஓவர். இதை நான் படித்துக் கற்கவில்லை. பட்டுக் கற்றேன். வேலைக்கு வந்த புதிதில், ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவரின் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் 20 யூனிட் என்று நான் அனுப்பிவிட்டேன். ஐந்துக்குக் கீழே இருக்கவேண்டியது. டாக்டர் போன் செய்தார். கட்டியாக இருக்குமோ என்று அந்தக் குடும்பம் ஒரு பகல் முழுக்கக் கலங்கியிருக்கிறது. திரும்ப ஓட்டினால் ஒன்றுமில்லை. பட்டியலைப் பார்த்தேன். அவருக்கு முன்னால் ஓடிய மாதிரி ஒரு கர்ப்பிணிப் பெண்ணுடையது, இரண்டு லட்சம் யூனிட். உறிஞ்சுகிற ஊசி சரியாகக் கழுவப்படவில்லை. இரண்டு லட்சத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு வந்தாலே 20 ஆகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “பணக்காரக் கல்லை அரைச்ச மிஷின்ல ஏழைக் கல்லைப் போட்டா, ஏழையும் பணக்காரன் மாதிரி தெரிவான். அதை நம்பி கீழே நூறு பேரு வெறும் பாறையைத் தோண்டுவாங்க. நடுவுல வெறும் மணலைப் போட்டு அரைச்சுக் கொட்டணும்மா.” மூசையும் அப்படித்தான் என்றார். நல்ல கல் உருக்கிய மூசையில் சாதாரணக் கல்லை உருக்கக் கூடாது. அந்த வெறும் மணல்தான் எங்கள் இயந்திரத்தின் ‘வாஷ்’. கழுவும் நீர் டப்பா காலியாக இருக்கிறதா என்று ஷிப்ட் தொடக்கத்தில் கையால் தூக்கிப் பார்ப்பேன், திரையில் என்ன காட்டினாலும்.

இதே கவலைக்கு வேறொருவர் கண்ட விடை என்னை மிகவும் கவர்ந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் லியோனார்ட் ஸ்கெக்ஸ் என்பவர் 1950-களில் ஒரு மெல்லிய குழாயில் ரத்த மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார். ஒன்றோடொன்று கலக்காமலிருக்க நடுநடுவே காற்றுக் குமிழிகளை விட்டார். குமிழி குழாயின் சுவரைத் துடைத்துக்கொண்டே போகும். 1957-ல் டெக்னிகான் கம்பெனி அதை ‘ஆட்டோ அனலைஸர்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய ரத்தப் பரிசோதனை இயந்திரங்களுக்கெல்லாம் அதுதான் பாட்டி. ஒரு பக்கம் வெறும் மணல், ஒரு பக்கம் வெறும் காற்று.

அலிக்வாட் என்பது புதியவர்களை மிரட்டுகிற சொல். முழுதைச் சரியாகப் பிரித்து எடுத்த ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆனால் ‘சரியாக’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுரங்கத்துக்குள் சாம்பிள் எடுப்பவர் பாறை முகப்பில் உளியால் ஒரு வாய்க்கால்போல் வெட்டி, விழும் துண்டுகளைப் பைக்குள் பிடித்து, எண் போட்ட சீட்டு வைத்துக் கட்டி மேலே அனுப்புவார். அதை நொறுக்கிக் கூம்பாகக் குவித்து, தட்டித் தட்டையாக்கி, தோசையை வெட்டுவதுபோல் நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி குவிப்பார்கள். மறுபடி நாலு. கடைசியில் கையில் நிற்கும் பிடி மாவு அத்தனை பாறைக்கும் சாட்சி சொல்லவேண்டும். ரத்தக் குழாயை மெதுவாகப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்தாமல் இயந்திரத்தில் வைக்கிற பெண்ணிடம் நான் இந்தக் கூம்பைப் பற்றித்தான் பேசுவேன்.

பிளாங்க் என்றால் தங்கமே இல்லாத கல்லை ஒரு எண் போட்டு நடுவில் நுழைத்துவிடுவது. டூப்ளிகேட் என்றால் ஒரே கல்மாவை இரண்டு எண்ணில் அனுப்புவது. சோதிப்பவரைச் சோதிக்கும் வழிகள். ஸ்டாண்டர்ட் மட்டும் நமக்கு இன்னும் பழசு. நம் ஆசாரிமார் உரைகல்லில் நகையைத் தேய்த்து, பக்கத்திலேயே மாற்றுத் தெரிந்த உரையாணியைத் தேய்த்து இரண்டு கோட்டையும் ஒப்பிடுவார்கள். அந்த ஆணிகள்தான் எங்கள் காலிபிரேஷன் புட்டிகள். நாணயமும் பொன்னும் சோதிப்பவரைப் பழந்தமிழில் வண்ணக்கன் என்றார்கள். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அது ஒட்டியிருக்கிறது, வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்பதுபோல. அஸே ஆபீஸ்காரர் ஒருவர் கவிதை எழுதி அது இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறது என்று சொன்னபோது அப்பா அந்தப் பெயரை எழுதித் தரச் சொல்லி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆளில்லாமல் தானே பார்த்துக்கொள்ளும் கருவி எங்கள் ஊருக்கு எப்போதோ வந்துவிட்டது. அதை ஊரிலேயே பலர் மறந்துவிட்டார்கள். சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 1960-களில் நியூட்ரினோ என்ற துகளைத் தேடினார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம் ஆகியோர் அதில் இருந்தார்கள். மேலே இருக்கிற பாறை மற்றத் துகள்களையெல்லாம் வடிகட்டிவிடும். மிச்சமாக வருவது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒன்றோ இரண்டோ. மனிதக் கண் அதற்குக் காவல் இருக்க முடியாது.

அதனால் இரண்டு பக்கத்து உணர்கருவிகளும் ஒரே நேரத்தில் ஒளியைக் கண்டால் மட்டும் விசை தட்டும்படி அமைத்தார்கள். அந்த ஒரே நேரத்துக்குக் ‘கோயின்சிடன்ஸ்’ என்று பெயர். தட்டுவதற்கு ‘டிரிகர்’. தட்டியதும் நியான் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் போன வழியில் இருக்கிற குழாய்கள் மின்னும். கேமரா அதைப் படம் பிடிக்கும். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தை 1965 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில் தேடிக்கொண்டிருந்த ஃபிரெட்ரிக் ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரையும் அதே மாதம் வந்தது. இரண்டும் தங்கச் சுரங்கம். அந்த ஆழத்தை முதலில் வெட்டிவைத்தது டிரில்லும் சுத்தியும் பிடித்த கைகள் என்பதை நான் விடாமல் சொல்வேன். என் தாத்தா அந்தக் கைகளில் ஒருவர்.

ரோபோ கை எங்கள் துறைக்கு வந்தது 1980-களில். ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் மசஹிதே சசாகி என்பவர் பெல்ட்டுகளையும் ரோபோக்களையும் கோத்து மாதிரி தானே நகரும் கூடத்தைக் கட்டினார். அமெரிக்காவில் சைமார்க் கம்பெனி 1982-ல் ‘சைமேட்’ என்ற ரோபோவைக் கொண்டுவந்தது. அவர்கள் ஆய்வுக்கூட வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பெயரிட்டார்கள்: எடை போடுதல், அரைத்தல், திரவம் கையாளுதல், பிரித்தல், அளத்தல், எழுதி வைத்தல். ஒவ்வொரு துண்டும் ஓர் ‘ஆபரேஷன்’. இந்தப் பட்டியலை அப்பாவுக்கு வாசித்தேன். “இது எங்க வேலையாச்சே” என்றார், விரல் விட்டு எண்ணிக்கொண்டே.

புதிய கை வந்தால் அதற்கு இடம் சொல்லித்தர வேண்டும். எஞ்சினியர் கையைப் பிடித்துத் துளித்துளியாக நகர்த்தி, குழாயின் வாய்க்கு நேராக நிறுத்திப் பதிவு செய்வார். அதுதான் டீச்சிங் பாயிண்ட். அரை மில்லிமீட்டர் தவறினால் குழாய் உடையும். சொல்லித்தந்ததை அது ஆயிரம் முறை அப்படியே செய்யும். குழாய் வேறு உயரமாக இருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

ரோபோ என்ற சொல் 1920-ல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய நாடகத்தில் பிறந்தது. சொல்லைக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். வேர்ச்சொல் ‘ரொபோட்டா’, பண்ணை அடிமைகள் ஆண்டைக்குச் செய்த கட்டாய உழைப்பு. இதைப் படித்த அன்று வெகுநேரம் வேலை ஓடவில்லை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கத்திலிருந்தும் பண்ணையாட்களாக இருந்த எங்கள் முன்னோர் அந்த உழைப்பிலிருந்து தப்பித்தான் இங்கே வந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள். சொந்தமாக ஒரு காணி வயல் இல்லாதவர்கள், ஆங்கிலத்தில் ‘கோல்ட் ஃபீல்ட்ஸ்’ என்றிருந்ததைத் தமிழில் தங்கவயல் என்றாக்கி வழங்கினார்கள். எந்தக் கலைச்சொல் குழுவும் இதைவிட நல்ல சொல் தரமுடியாது. இதே ஊரில் சித்தார்த்தா புத்தகசாலை வைத்து அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளை அச்சிட்டவர்களும் அவர்கள்தான்.

1930-ல் தொழிலாளரின் கைரேகையைப் பதிந்து கணக்கில் வைக்கும் திட்டம் வந்தபோது சுரங்கமே வேலையை நிறுத்தியது. ஒரு குழாய்க்கு பார்கோடு ஒட்டும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். ரத்தத்துக்கு எண் வேண்டும், அது மாறினால் உயிர் போகும். மனிதனைக் குழாயாக எண்ணிப் பதிவதை என் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டும் வேறு வேறு என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன வருஷம் எங்கள் கூடத்தில் குடும்பத்தார் வந்து பார்க்க ஒரு நாள் விட்டார்கள். அப்பா வேட்டி கட்டிக்கொண்டு காலை ரயிலில் வந்தார். குழாய்கள் தடத்தில் ஊர்ந்து போவதையும், கை இறங்கி மூடியைக் கழற்றுவதையும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு, “மிச்சத்தை எங்க வெக்கறீங்க?” என்றார். அஸே ஆபீஸில் சோதித்ததுபோக மிஞ்சிய மாவைக் காகிதப் பொட்டலத்தில் எண் எழுதி அடுக்கி வைப்பார்கள். நாளைக்கு யாராவது எண்ணில் சந்தேகப்பட்டால் மறுபடி உருக்கவேண்டுமே.

குளிர் கிடங்குக்குக் கூட்டிப்போனேன். ஏழு நாள் வைத்திருப்போம் என்றேன். திரையில் ஓர் எண் அடித்தேன். உள்ளே கை நகர்ந்து, வரிசையிலிருந்து ஒரு குழாயை எடுத்து வந்து சின்ன ஜன்னலில் வைத்தது. அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக் குனிந்து, லேபிளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொரு இலக்கமாக, உதடு அசைய.

“சரியாத்தான் கீது. உள்ள வெச்சிடு, சூடாயிடும்” என்றார்.